தண்ணீர் புகாத புளூடூத் ஸ்பீக்கர்: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு சிறிய சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் அருவி, நடுவே ஆண்டில் இரண்டு மழைக்காலம் என்று அமைந்துவிட்ட மாவட்டம் என்பதால், 'வாட்டர்ப்ரூஃப்' என்று வாங்கித் தண்ணீரில் கெட்டுப்போன ஸ்பீக்கர்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கொண்டுவருகிறவர்கள் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதி, என் பதிலையும் சேர்த்திருக்கிறேன். நான் பேசுவது கையில் எடுத்துச் செல்லும் உருளை வடிவச் சிறிய ஸ்பீக்கர்களைப் பற்றி மட்டுமே.

1. அட்டையிலேயே வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் எப்படி நனைந்தாலும் ஒன்றும் ஆகாதுதானே?

அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் 'ஐபி' என்று தொடங்கும் குறியீட்டைத் தேடுங்கள். ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரநிலையின்படி நடத்தப்படும் சோதனையின் முடிவு அது. அதில் முதல் எண் தூசியையும் இரண்டாவது எண் தண்ணீரையும் குறிக்கும். தூசிக்கு 6 வரையும் தண்ணீருக்கு 9 வரையும் எண்கள் உண்டு. எண்ணுக்குப் பதிலாக 'எக்ஸ்' இருந்தால், அந்தப் பகுதிக்கு மதிப்பு எதுவும் கொடுக்கப்படவில்லை என்று பொருள். பாதுகாப்பே கிடையாது என்று பொருள் அல்ல.

அந்தக் குறியீடே இல்லாமல் 'வாட்டர்ப்ரூஃப்' என்று மட்டும் அச்சிட்டிருக்கும் ஸ்பீக்கரை மழைத் தூறலுக்கு மேல் நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து.

2. ஐபிஎக்ஸ்5, ஐபிஎக்ஸ்7, ஐபி67 என்று மூன்று விலையில் காட்டுகிறார்கள். என்ன வித்தியாசம்?

ஐபிஎக்ஸ்5 என்பது பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கான சோதனை. 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் எல்லாத் திசைகளிலிருந்தும் அடித்துப் பார்ப்பார்கள். ஐபிஎக்ஸ்6 இன்னும் கடுமையானது. குழாய் வாய் 12.5 மில்லிமீட்டர், தண்ணீர் நிமிடத்துக்கு 100 லிட்டர். ஐபிஎக்ஸ்7 வேறு வகை. அதில் பீய்ச்சுவது கிடையாது. 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் அசையாமல் மூழ்கடித்து வைப்பார்கள். ஐபி67 என்றால் மூழ்கும் சோதனையோடு, மெல்லிய டால்க் தூள் பறக்கும் பெட்டிக்குள் வைத்துத் தூசி சிறிதும் உள்ளே போகவில்லை என்றும் உறுதிசெய்திருக்கிறார்கள். எட்டு என்று முடிந்தால் ஏழாம் எண்ணைவிடக் கடுமையான மூழ்கல். அதன் ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளரே குறிப்பிடுவார்.

ஒரே வரிசையில் வந்த மாதிரிகளைப் பார்த்தால் இது விளங்கும். ஜேபிஎல் நிறுவனத்தின் பிளிப் 3 சாரல் தாங்கும் அளவில் வந்தது. பிளிப் 4, பிளிப் 5 இரண்டும் ஐபிஎக்ஸ்7. பிளிப் 6 ஐபி67. கடற்கரைக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு அந்த ஆறு என்ற எண் ஏன் முக்கியம் என்பது பத்தாவது கேள்வியில் வருகிறது.

3. ஏழு என்றால் ஐந்தும் ஆறும் அதற்குள் அடங்கிவிடாதா அண்ணே? திற்பரப்பு அருவியில் வைத்துப் பாட்டுக் கேட்டோம், நின்றுபோய்விட்டது.

அடங்காது. பலரும் ஏமாறும் இடம் இதுதான். ஆறு வரைக்கும் உள்ள தண்ணீர் எண்கள் படிப்படியாக ஏறுகின்றன. பெரிய எண் வாங்கியது சிறிய எண்களின் சோதனையையும் தாங்கும் என்று கொள்ளலாம். ஆனால் ஏழும் எட்டும் மூழ்கலுக்கான தனிக் கணக்கு. மூழ்கியதைத் தாங்கிய பொருள், பீய்ச்சி அடிப்பதையும் தாங்கும் என்று தரநிலை சொல்வதில்லை. இரண்டையும் தாங்குவதாக உரிமை கோர வேண்டுமானால் இரண்டு குறியீடுகளையும் சேர்த்து அச்சிட வேண்டும்.

காரணம் எளிது. அசையாத தண்ணீரில் 1 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம் எடை அளவுதான். அது எல்லாப் பக்கமும் சீராக விழுகிறது. அருவி நீரோ உயரத்திலிருந்து வேகத்தோடு வந்து ஒரே புள்ளியில் மோதுகிறது. சார்ஜ் துளையை மூடும் ரப்பரின் ஓரத்தில் அது சாய்வாக அடித்தால் ரப்பர் விளிம்பு இலேசாகத் தூக்கிக்கொள்ளும். அந்த நொடி போதும். உங்கள் ஸ்பீக்கரைத் திறந்தபோது தண்ணீர் மூடிப் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. அருவிக்குக் கொண்டுபோவதென்றால் சாரல் விழும் தூரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. துளையே இல்லாத பெட்டியில் இவ்வளவு பாஸ் எப்படி வருகிறது? இரண்டு பக்கமும் துடிக்கிறதே, அது என்ன?

வீட்டில் வைக்கும் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் பலவற்றில் ஒரு வட்டத் துவாரம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதிர்ந்து ஒலியெழுப்பும் ஸ்பீக்கர் கூம்பு பின்னோக்கித் தள்ளும் காற்றைத் தாழ்ந்த ஒலிக்குப் பயன்படுத்திக்கொள்வதற்காக வைக்கப்பட்டது அது. தண்ணீர் புகாத பெட்டியில் அப்படித் துவாரம் விட முடியாது. அதனால் துவாரம் இருக்க வேண்டிய இடத்தில், காந்தமும் கம்பிச்சுருளும் இல்லாத ஒரு வெறும் தட்டை ரப்பர் வளையத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கடைகளில் இதை பாஸ் ரேடியேட்டர் என்போம். உள்ளே கூம்பு அசையும்போது அடைபட்ட காற்று அழுந்தியும் தளர்ந்தும் இந்தத் தட்டைத் தள்ளுகிறது. தட்டு தன் எடைக்கு ஏற்ற தாழ்ந்த சுருதியில் அதிர்ந்து பாஸ் ஒலியைத் தருகிறது. கரண்ட் எதுவும் அதற்குப் போவதில்லை.

இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே வந்து ஒரே நேரத்தில் உள்ளே போவதால், ஒன்றின் உதையை மற்றது சமன்செய்கிறது. ஒரு பக்கம் மட்டும் இருந்திருந்தால் அரைக் கிலோ எடையுள்ள அந்த உருளை மேசையில் நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்திருக்கும்.

தட்டின் எடையை வைத்துத்தான் சுருதி அமைகிறது என்பதால், அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதும் சேறு காய்ந்து படிய விடுவதும் ஒலியைக் கெடுக்கும். ஸ்பீக்கரைச் செங்குத்தாக மணலில் ஊன்றி வைக்கிறவர்களும் உண்டு. கீழ்ப்பக்கத் தட்டு மணலில் அடைபட்டுவிடும். பாஸ் மந்தமாகிவிட்டது என்று அதன்பிறகு என்னிடம் வருவார்கள்.

5. குழந்தை அந்த வட்டத்தை விரலால் அமுக்கிக்கொண்டே இருக்கிறது. கெட்டுவிடுமா?

மெதுவாக அமுக்கினால் கெடாது. நகமோ பேனாவோ பட்டால் ரப்பர் வளையம் கிழியும், அப்போது பாஸும் போகும், தண்ணீர்க் காப்பும் போகும். 1 மீட்டர் ஆழத்தில் 5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தட்டின் மேல் கிட்டத்தட்ட 2 கிலோ எடை அழுத்துகிறது. அதைத் தாங்கும்படிதான் செய்திருக்கிறார்கள்.

உண்மையில் உங்கள் குழந்தை செய்வதையே நான் கடையில் சோதனையாகச் செய்கிறேன். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஒரு பக்கத் தட்டைக் கட்டைவிரலால் நிதானமாக அமுக்கிப் பிடித்தால், மறுபக்கத் தட்டு புடைத்து வெளியே வரும். பெட்டி காற்றுப் புகாமல் இருந்தால் விரலை எடுக்கும் வரை அது புடைத்தே நிற்கும். அமுக்கிப் பிடித்திருக்கும்போதே மறுபக்கம் சட்டென்று சப்பிப்போனால் எங்கோ ஓட்டை இருக்கிறது. மிக மெதுவாக இறங்கினால் பயப்பட வேண்டாம். சில மாதிரிகளில் காற்றை மட்டும் விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் நுண்துளைச் சவ்வு ஒன்றை வைத்திருப்பார்கள்.

6. மேலே சுற்றியிருப்பது துணிதானே? துணி வழியாகத் தண்ணீர் போகாதா?

போகும், போகத்தான் விட்டிருக்கிறார்கள். துணி அழகுக்கும் கீறலிலிருந்து காப்பதற்கும்தான். தண்ணீரைத் தடுப்பது அதற்குள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கூடும், கூம்பைச் சுற்றிய ரப்பர் வளையமும், மூட்டுகளில் இடைவெளியை அடைக்க வைத்திருக்கும் கேஸ்கட் என்ற மென்மையான பட்டையும். நனைந்த பிறகு சிறிது நேரம் ஒலி அடைத்துக் கேட்பதற்குக் காரணம், துணிக்கும் கூம்புக்கும் நடுவே தேங்கிய தண்ணீர். உதறிவிட்டு, பாஸ் நிறைந்த பாட்டு ஒன்றைச் சற்றுச் சத்தமாக வைத்தால் பெரும்பகுதி தெறித்து வெளியே வந்துவிடும்.

7. பழையதில் சார்ஜ் துளைக்கு ரப்பர் மூடி இருந்தது. புதியதில் மூடியே இல்லை. மட்டமானதைத் தந்துவிட்டார்களா?

இல்லை, அது முன்னேற்றம் என்றே சொல்வேன். மேலே சொன்ன பிளிப் வரிசையிலேயே நான்காவதில் மூடி இருந்தது, ஐந்தாவதில் கிடையாது. மூடியை நம்பிய வடிவமைப்பில் தண்ணீர்க் காப்பு முழுவதும் உங்கள் விரல் அதை ஒழுங்காக அழுத்தி மூடுகிறதா என்பதைப் பொறுத்திருந்தது. ஒரு மணல் துகள் விளிம்பில் சிக்கினாலும் வழி திறந்துவிடும். தினமும் திறந்து மூடும் ரப்பரின் கழுத்து ஓரிரு ஆண்டில் வெடித்துவிடும்.

மூடியில்லாத மாதிரியில் டைப் சி துளையையே பின்புறம் அடைத்துச் செய்திருக்கிறார்கள். தண்ணீர் துளைக்குள் வரும், துளையைத் தாண்டி உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்குப் போகாது. கூடவே 3.5 மில்லிமீட்டர் ஆக்ஸ் துளையையும் எடுத்துவிட்டார்கள். ஒயர் போட்டுக் கேட்கிறவர்களுக்கு அது இழப்புதான், ஆனால் அடைக்க வேண்டிய ஓட்டை ஒன்று குறைந்தது. இப்படிப்பட்டவற்றில் ஆபத்து தண்ணீரில் இல்லை, அதற்குப் பிறகு சார்ஜரைச் செருகும் நேரத்தில்தான் இருக்கிறது.

8. நனைந்தால் எவ்வளவு நேரம் கழித்துச் சார்ஜ் போடலாம்? அரிசிக்குள் வைத்தால் சீக்கிரம் காயுமா?

ஒரு டைப் சி துளைக்குள் 24 தொடுமுனைகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. ஒரு சொட்டுத் தண்ணீர் நான்கைந்து முனைகளை ஒன்றாக இணைத்துவிடும். அந்த நிலையில் 5 வோல்ட் கொடுத்தால் பள்ளிக்கூடத்தில் படித்த மின்னாற்பகுப்பு அங்கே நடக்கும். முனையின் மேல் இருக்கும் மெல்லிய தங்கப் பூச்சு அரிக்கப்பட்டு, அடியில் உள்ள செம்பு பச்சையாகப் பூக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பழைய செப்புக் குடத்தின் களிம்பு போலவே தெரியும். இதற்கு வேண்டியது சில மணித் துளிகள்தான்.

துளை கீழ்நோக்கி இருக்கும்படி உள்ளங்கையில் தட்டி உதறிவிட்டு, மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். அவசரம் என்றாலும் தலைமுடி உலர்த்தும் டிரையர் வேண்டாம். அந்தச் சூடு கேஸ்கட்டைத் தளர்த்தும். அரிசி டப்பா மருத்துவத்தால் எந்தப் பயனும் இல்லை. துளைக்குள் இருக்கும் சொட்டை அரிசி உறிஞ்சி எடுக்காது. அதன் மாவுத்தூசிதான் துளைக்குள் போய்ப் பசையாகும். ஒரு துளைக்குள்ளிருந்து முழு அரிசி மணி ஒன்றையே ஊசியால் எடுத்திருக்கிறேன்.

9. கடலில் போடலாமா? தண்ணீர் தண்ணீர்தானே?

ஐபி சோதனையை நல்ல தண்ணீரில்தான் செய்கிறார்கள். கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பு நீர் மின்சாரத்தை மிக எளிதில் கடத்துவதால், மேலே சொன்ன பச்சைக் களிம்பு பல மடங்கு வேகத்தில் வரும். காய்ந்த பிறகும் உப்பு போவதில்லை. கூம்பின் ரப்பர் மடிப்பிலும் பொத்தான்களின் ஓரத்திலும் துளைக்குள்ளும் படிகமாக உட்கார்ந்து, நம் ஊர்க் காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடியும் நனைந்துகொள்ளும். கடற்கரையிலிருந்து திரும்பி இரண்டு வாரம் நன்றாகப் பாடிவிட்டு, பிறகு சார்ஜ் ஏறாமல் போன ஸ்பீக்கர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தவறி விழுந்தால் பதற வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை முக்கி எடுத்து, துணிக்கு மேலாக மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, எட்டாவது பதிலில் சொன்னபடி காயவிடுங்கள். மூடியுள்ள மாதிரி என்றால் மூடியபடியே கழுவி, காய்ந்த பிறகே திறக்க வேண்டும். நனைந்த பொருளை மறுபடி நனைப்பதா என்று தயங்குகிறவர்களின் ஸ்பீக்கர்தான் முதலில் போகிறது.

10. முட்டம் கடற்கரையில் மணலில் வைத்தேன். கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்கிறது.

அது நம் மாவட்டத்துக்கே உரிய தொல்லை. மணவாளக்குறிச்சியை ஒட்டிய கடற்கரை மணலில் இல்மனைட் போன்ற கனிமங்கள் கலந்திருக்கின்றன. அவற்றை மணலிலிருந்து பிரிக்கும் ஆலையே அங்கே இருக்கிறது. கருமணலில் உள்ள இரும்புச் சேர்மங்களைக் காந்தம் இழுக்கும். ஸ்பீக்கர் கூம்பின் பின்னால் இருப்பதோ நியோடிமியம் காந்தம், அளவில் சிறியது, இழுப்பில் பலசாலி. துணிக்கு மேல் கருமணல் மீசை போல நிற்பது அதனால்தான்.

ஊதினால் போகாது. சமையலறையில் பொட்டலம் ஒட்டும் அகலமான டேப்பைத் துணியின் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தால் வந்துவிடும். துகள் கூம்பின் காந்த இடுக்கு வரைக்கும் போய்விட்டால், கம்பிச்சுருளில் உரசி ஒவ்வொரு தாளத்துக்கும் கரகரவென்று சத்தம் வரும். அதைச் சரிசெய்ய வழியில்லை, கூம்பையே மாற்ற வேண்டும். இரண்டாவது பதிலில் வந்த ஆறு என்ற முதல் எண் இங்கேதான் உதவுகிறது. மணலுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு துண்டை விரிப்பது அதைவிடவும் உதவும்.

11. குளியலறையில் தினமும் வைத்துக் கேட்கலாமா?

அலமாரியின் மேல் வைத்துக் கேட்கலாம், சோப்பு நுரையில் வேண்டாம். சோப்பும் ஷாம்பூவும் தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால், வெறும் தண்ணீர் நுழையாத நுண்துளையில் சோப்புத் தண்ணீர் நுழையும். வெந்நீர் ஆவிக்கும் ஐபிஎக்ஸ்7 சோதனைக்கும் தொடர்பில்லை.

12. காரில் வெயிலில் இருந்ததை எடுத்து நேராகக் குளத்தில் போட்டோம். முழங்கால் ஆழம்தான். எப்படித் தண்ணீர் போனது?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இதில் யார் மீதும் குறை இல்லை. வெயிலில் 50 டிகிரிக்குச் சூடான பெட்டிக்குள் இருக்கும் காற்று, 27 டிகிரித் தண்ணீரில் விழுந்ததும் குளிர்ந்து சுருங்குகிறது. கணக்குப் போட்டால் உள்ளழுத்தம் ஏறத்தாழ 7 சதவீதம் குறையும். அது சுமார் 70 சென்டிமீட்டர் ஆழத்துத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். பாஸ் தட்டுகள் உள்வாங்கி அதில் ஒரு பங்கைச் சமாளிக்கும். மிச்சம், வெளியே இருக்கும் தண்ணீரை உறிஞ்சும் இழுப்பாக மாறுகிறது. முழங்கால் ஆழம் என்றாலும் ஸ்பீக்கருக்கு அது இடுப்பாழம்.

மூழ்கல் சோதனையின்போது தண்ணீரின் வெப்பநிலை பொருளின் வெப்பநிலையிலிருந்து 5 டிகிரிக்கு மேல் வேறுபடக் கூடாது என்று தரநிலையே நிபந்தனை வைக்கிறது. பத்து நிமிடம் நிழலில் ஆறவைத்து, பிறகு தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோங்கள்.

13. தண்ணீருக்கு அடியில் பாடுமா? சிலது மிதக்கிறதே?

பாடாது. புளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். மைக்ரோவேவ் அடுப்பு வேலைசெய்வதும் ஏறக்குறைய அங்கேதான். தண்ணீர் அந்த அலையை விழுங்கிவிடுவதால், ஒரு சாண் ஆழம் போனாலே போனோடு தொடர்பு அறுந்துவிடும். மிதப்பது தனி வடிவமைப்பு. அல்டிமேட் இயர்ஸ் நிறுவனத்தின் பூம் 3 மிதக்கும். ஐபி எண்ணுக்கும் மிதப்பதற்கும் சம்பந்தம் இல்லை, உங்களுடையது கல்லைப் போல மூழ்கினாலும் குறை சொல்ல முடியாது.

14. மாடியிலிருந்து விழுந்தது. வெளியே கீறல் மட்டும்தான், நன்றாகப் பாடுகிறது. தண்ணீர்க் காப்பு அப்படியேதான் இருக்குமா?

நம்ப வேண்டாம். ஐபி எண் விழுவதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மோதலுக்கு 'ஐகே' என்ற வேறு குறியீடு உண்டு, அதை இந்தச் சிறிய ஸ்பீக்கர்களின் அட்டையில் நான் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் கூட்டின் இரண்டு பாதிகளையும் சேர்க்கும் மூட்டில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் பாட்டு பாடிக்கொண்டுதான் இருக்கும். ஐந்தாவது பதிலில் சொன்ன விரல் சோதனையைச் செய்து பாருங்கள்.

15. ரப்பர் பகுதியெல்லாம் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. உருகிவிட்டதா?

அது ரப்பர் அல்ல, பிளாஸ்டிக்கின் மேல் பூசிய மென்மையான பாலியூரித்தேன் பூச்சு. ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதைச் சில ஆண்டுகளில் சிதைக்கின்றன. உள்ளே இருக்கும் சிலிகான் கேஸ்கட்டுக்கு அந்த நோய் வராது, எனவே பார்க்க அருவருப்பாக இருந்தாலும் கவலை வேண்டாம்.

16. மூன்று வருடம் ஆயிற்று, பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. மாற்றிக் கொடுத்தால் பழையபடி தண்ணீரில் போடலாமா?

லித்தியம் அயான் பேட்டரி 300 முதல் 500 முழுச் சார்ஜுக்குப் பிறகு கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது இயல்பு. சூடு அதை விரைவுபடுத்தும். தண்ணீர் புகாத பெட்டியில் காற்றோட்டமும் இருக்காது என்பதால், சார்ஜ் ஏறும்போதே முழுச் சத்தத்தில் பாடவிடுவதுதான் பேட்டரிக்குப் பெரிய கேடு. பயன்படுத்தாமல் எடுத்து வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள்.

பேட்டரியை மாற்றலாம், ஆனால் ஆலையில் ஒட்டிய மூட்டைப் பிரிக்காமல் மாற்ற முடியாது. பிரித்த பெட்டியை எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் 1 மீட்டர் ஆழத்துக்கு நான் உத்தரவாதம் தருவதில்லை. மழைச் சாரலைத் தாங்கும் என்று மட்டும் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கே மாற்றக் கொடுத்தாலும் எந்தப் பசை போடுகிறார்கள் என்று கேளுங்கள். கண்ணாடி ஜன்னலுக்குப் போடும் சாதாரண சிலிகான் காயும்போது வினிகர் வாசம் அடிக்கும். அந்த வாசம் அசிட்டிக் அமிலத்தினுடையது. மூடிய பெட்டிக்குள் அது போர்டின் செம்புக் கோடுகளைத் தின்றுவிடும். வாசம் அடிக்காத நியூட்ரல் வகை சிலிகான் விலை சற்று அதிகம், அதைத்தான் போட வேண்டும்.

17. வாரண்டி இருக்கும்போதே தண்ணீர் புகுந்துவிட்டது. ஏன் மாற்றித் தர மறுக்கிறார்கள்?

வாரண்டி அட்டைகள் பலவற்றில் திரவத்தால் வந்த சேதம் விலக்காக எழுதப்பட்டிருக்கும். மூடி சரியாக மூடப்பட்டிருந்ததா, சார்ஜ் ஒயர் செருகியிருந்ததா, கடல்நீரா நல்ல தண்ணீரா என்பதையெல்லாம் பிறகு நிரூபிக்க உங்களிடம் ஆதாரம் இருக்காது. ஆலையிலேயே ஒட்டு சரியாக அமையாத ஸ்பீக்கர்களும் சில வரத்தான் செய்கின்றன, அவை உங்கள் கைக்கு வந்துவிடக் கூடும்.

ஆகவே தண்ணீருக்கான எண் ஏழாகவோ எட்டாகவோ இருந்தால், வாங்கிய வாரத்திலேயே, கடையில் மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள், அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு வாளி நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் மூழ்கவைத்துப் பாருங்கள். அட்டையில் உள்ள எண், மூடிய நிலையில் இருக்கும் மூடி, வாளி, எடுத்த பிறகு பாடுவது ஆகிய எல்லாம் ஒரே வீடியோவில் தெரியும்படி போனில் எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.